பக்கத்து சீட்டு

முசிறி வீரமலை வாழைத்தார் ஏற்றினால் ஒரு காய் நசுங்காமல் காந்தி மார்க்கெட்டில் இறக்குவார். அப்படிப்பட்ட மனுஷன், கூடவே வந்த பொண்டாட்டியைக் கோட்டை விட்டதுதான் கொடுமை.

பதினோரு வருஷமாக அவருடைய பிக்கப்பில் பக்கத்து சீட்டு பவுனம்மாளுடையது. மார்க்கெட்டில் வாழை இலை விற்பாள். முசிறியில் ஏறினால் வாய் மூட மாட்டாள். சீரங்கத்துக் கோபுரம் கண்ணில் பட்டதும் கும்பிட அரை நிமிஷம் பேச்சை நிறுத்துவாள். பாலம் ஏறியதும் விட்ட இடத்தில் தொடங்குவாள். வீரமலை 'ம்' கொட்டுவார். வண்டியோடு வந்த கம்பெனி ரேடியோ செட்டு ஓரமாகக் கரகரத்துக்கொண்டிருக்கும்.

"என்ன மாமா, உள்ள வடை சுடுறீங்களா?" என்று அந்தக் கரகரப்பைக் கேட்டு மற்ற டிரைவர்கள் கேலி பேசினார்கள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேராக ரசூலின் ஆடியோ கடைக்குப் போனார். புது செட்டு, புது ஸ்பீக்கர், தும் தும்மென்று அதிரும் பெரிய ஊஃபர் பெட்டி.

"பெட்டிய சீட்டுக்குப் பின்னாடிதான் வைக்கணும்ண்ணே. பக்கத்து சீட்டு முன்னால தள்ளிக்கும், முட்டி இடிக்கும். யாராச்சும் உட்காருவாங்களா?"

"லோடு வண்டியில யாரு உட்காரப் போறா? வைங்க."

வாய் தவறி வந்ததல்ல. அந்த நேரத்தில் அவருக்குப் பவுனம்மாள் ஞாபகமே வரவில்லை. பின்னால் அவரை அரித்தது அதுதான்.

மறுநாள் அவள் முட்டியை மடக்கி மடக்கிப் பார்த்தாள். "ஆளு உட்காரும் இடமான்னு கடைக்காரரு கேக்கலையாங்க?"

"கேக்கல" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. சத்தத்தைக் கூட்டினார்.

ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு இலைக்கட்டு மட்டும் வண்டியில் போயிற்று, அவள் பஸ்ஸில் போனாள்.

ஒரு மாதம் பாட்டு தூள் பறந்தது. ஒரு நாள் கோபுரம் தெரிந்ததும் வீரமலையின் கை தானாகப் போய் சத்தத்தைக் குறைத்தது. கும்பிடத்தான் பக்கத்தில் ஆளில்லை. மறுபடி கூட்ட மனசு வரவில்லை. 'மடையன், மடையன்' என்று தன்னையே திட்டிக்கொண்டார். அன்றைக்கே ரசூலிடம் போய்ப் பெட்டியைக் கழற்றி, பழைய செட்டையே மாட்டச் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "பெட்டிய எடுத்தாச்சு பவுனு. ஏறு."

"பூக்கார பானுமதி பஸ்ல எனக்கு இடம் போட்டு வச்சிருப்பாங்க. போகலன்னா தேடுவாங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் கூடத் தேவலை.

"ரசூல் கேட்டாரு பவுனு. நான்தான் யாரும் உட்கார மாட்டாங்கன்னு சொன்னேன்."

"தெரியும்ங்க. அன்னைக்கு என் முகத்தைப் பார்க்காமத்தானே சொன்னீங்க." ஒரு இலைக்கட்டைத் தூக்கிப் பக்கத்து சீட்டில் வைத்தாள். "பின்னாடி போட்டா காத்துல கிழியுது. இது இங்கயே வரட்டும்."

குணசீலம் தாண்டியதும் பஸ் அவரை முந்தியது. ஜன்னலோரத்தில் பவுனம்மாள் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். பானுமதி முழுசாகத் திரும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீரமலை ரேடியோவை அணைத்தார். ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. ஆனாலும் 'ம்' என்றார்.