தெரியாது என்று சொல்லாதவன்

துபாயில் வாட் வரி வந்த புதிதில், கணக்கு வேலை பார்க்கிற எங்களுக்குத் திடீர் மவுசு. அல் கூஸில் ஒரு கிடங்கின் மாடியில், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் நம்மூர்க் கடைக்காரர்களுக்கு இலவச வகுப்பு எடுத்தேன். ஆண்டு வியாபாரம் ஒரு வரம்பைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும், வாடிக்கையாளரிடம் வரி வாங்கிக் கட்ட வேண்டும் என்று ஆரம்பித்து மணிக்கணக்கில் பேசுவேன். எல்லோரும் 'சார், சார்' என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் வரிசையில் ஹார்டுவேர் கடை பாய் உட்காருவார். கீழக்கரைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்கு வேலை போய் நாலு மாதம் திண்டாடியபோது வீட்டில் இடம் கொடுத்துச் சோறு போட்டவர். அவர் பெயரில் இரண்டு லைசென்ஸ் இருந்தன. ஒன்று அவருடைய கடை. மற்றது முசஃபாவில் அவர் மச்சான் நடத்திய பலசரக்குக் கடை. மச்சான் வேறு கம்பெனி விசாவில் இருந்ததால் சொந்தப் பெயரில் லைசென்ஸ் எடுக்க முடியாமல், இவர் தன் பெயரைக் கொடுத்திருந்தார். இங்கே சொந்தக்காரனுக்குப் பெயர் கொடுப்பதை யாரும் பெரிய உதவியாகக்கூட நினைப்பதில்லை.

"தம்பி, ரெண்டு கடை யாவாரத்தையும் சேத்துப் பாக்கணுமா, தனித்தனியாவா?" என்று கேட்டார்.

"ரெண்டு லைசென்ஸ்னா ரெண்டு கடை பாய். தனித்தனிதான். ரெண்டும் வரம்புக்குள்ள இருக்கு, நிம்மதியாத் தூங்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சட்டத்தில் அந்தப் பகுதியை நான் படித்திருக்கவே இல்லை. இருபது பேர் முன்னால், பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது.

மூன்று வருடம் கழித்து, வரி அலுவலகம் அனுப்பிய ஒரு கடிதத்தோடு பாய் என் ஆபீசுக்கு வந்தார். ஒரே ஆள் பெயரில் எத்தனை கடை இருந்தாலும் வரிக்கு அவர் ஒரே ஆள்தானாம். சேர்த்துப் பார்த்தால் வரம்பு எப்போதோ தாண்டிவிட்டது. யாரிடமும் வாங்காத வரியை இப்போது கையிலிருந்து கட்ட வேண்டும், அதன் மேல் அபராதம் வேறு.

"சட்டத்த மாத்திட்டாங்க போல தம்பி" என்றார்.

"ஆமா பாய். மாத்திட்டாங்க" என்றேன். சட்டம் முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்தது.

அபராதத்தைக் குறைக்கச் சொல்லி மனு எழுதித் தந்ததும் நான்தான். ஆலோசனை சொன்னவன் தப்பாகச் சொல்லிவிட்டான் என்று எழுதியிருந்தால் கொஞ்சம் இரக்கம் கிடைத்திருக்குமோ என்னவோ. 'அறியாமையால் நேர்ந்த தவறு' என்று எழுதினேன், அவருடைய அறியாமை என்று. படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மனு தள்ளுபடியானது.

கடையை விற்றார். அந்த லைசென்ஸில்தான் மனைவி, இரண்டு மகள்கள் எல்லோருடைய விசாவும் இருந்தது; அதுவும் போய், குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினார். மூத்தவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு நாலு மாதம் பாக்கி. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஏர்போர்ட்டில் யாரிடமும் பேசாமல் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாய் என்னைக் கட்டிக்கொண்டு, "ஒங்களுக்குத்தான் ரொம்ப அலைச்சல் குடுத்துட்டேன்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் திட்டியிருப்பார், நானும் அழுது தீர்த்திருப்பேன். சொல்லவில்லை. என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

போன மாதம் ஒருவர் போன் செய்தார். முசஃபாவில் புதிதாக வெல்டிங் பட்டறை போட்டிருக்கிறாராம்.

"கீழக்கரைல, முன்னாடி இங்க ஹார்டுவேர் கடை வச்சிருந்த பாய்தான் ஒங்க நம்பர் குடுத்தாரு சார். எதுவா இருந்தாலும் இவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய், தெரியாம ஒண்ணும் சொல்ல மாட்டாருன்னாரு."

லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அவர் "சார், சார்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.