தண்ணீர் காணாத ஸ்டெரிலைசர்

1. முதல் நாள் உத்தரவு

பல் டிபார்ட்மென்ட்டில் எனக்குக் கிடைத்த முதல் உத்தரவு, ஸ்டெரிலைசரைத் தொடாதே என்பது. நர்ஸிங் படிக்கிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எழுபதுகளின் கடைசி. சேலம் ஜில்லாவின் மேற்கே, தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கிற ஒரு ஊர். அங்கே இருந்த அரசு ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் நான். பல் டாக்டரின் பெயர் சிற்றம்பலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை சுத்தமான கை. ஆடுகிற பல்லை அவர் எடுத்தது தெரியாமலே ஆட்கள் எழுந்து போயிருக்கிறார்கள். ஆனால் மேலிடத்திலிருந்து ஒரு கவர் வந்தால் போதும், மனுஷனுக்கு வேர்த்துவிடும்.

அவருடைய ரூமில் ஜன்னலோரமாக ஒரு மேஜை, அதன் மேல் வெள்ளைத் துணி போர்த்தி ஒரு ஸ்டெரிலைசர். துணியை எடுத்தால் முகம் பார்க்கலாம். பல் பிடுங்குகிற குறடு, ஊசி, கண்ணாடி எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைப்பதற்கென்றே அரசாங்கம் கொடுத்தது. நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன். அவர் பதறிப்போய்த் தடுத்தார்.

"அதத் தொட்டுப் போடாத அம்மிணி. அது இன்ஸ்பெக்‌ஷனுக்கு."

விஷயம் இதுதான். அந்த ஊர்த் தண்ணீர் உப்பு. பத்து நாள் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் உள்ளே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும். இவருக்கு முன்னால் இருந்த டாக்டர் தினமும் கொதிக்க வைத்திருக்கிறார். ஆய்வுக்கு வந்த ஆபீசர் மூடியைத் திறந்து பார்த்து, 'ஸ்டெரிலைசர் மோசமான பராமரிப்பில் உள்ளது' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வரியில் அந்த டாக்டருக்கு வர வேண்டிய ப்ரமோஷன் நின்றுபோனது. சிற்றம்பலம் பாடம் படித்துக்கொண்டார். புளி போட்டுத் தேய்த்தால் மேல் முலாம் போய்விடும் என்றும் அவருக்குப் பயம். ஆகவே பழையதற்குப் பதிலாகப் புதிதாக வந்த ஸ்டெரிலைசர் ஒரு சொட்டுத் தண்ணீர் காணாமல் பூஜை சாமான் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அப்புறம் குறடுகளை எப்படிச் சுத்தம் செய்வது? ஒரு கிட்னி ட்ரேயில் கிருமி கொல்கிற லோஷன் கலந்த தண்ணீர். ஒருத்தர் வாயிலிருந்து எடுத்து, அதில் முக்கி, துடைத்து, அடுத்தவர் வாயில். லோஷன் என்ன, கங்கா தீர்த்தமா, முக்கினதும் பாவம் தீர?

2. என் வீட்டுப் போசி

சேர்ந்த நாலாவது மாதம் ஒரே தறிக்காரத் தெருவில் மூன்று பேருக்கு மஞ்சள் காமாலை. மூன்று பேரும் எங்களிடம் பல் எடுத்தவர்கள். எங்கள் குறட்டால் வந்ததா, குடிக்கிற தண்ணீரால் வந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் என்னை அரித்தது.

வீட்டிலிருந்து சோறாக்குகிற அலுமினியப் போசி ஒன்றும் பம்ப் ஸ்டவ்வும் கொண்டுவந்தேன். பின்பக்க வராந்தாவில் வைத்து, தினமும் காலையில் எல்லாச் சாமானையும் போட்டு இருபது நிமிஷம் தளதளவென்று கொதிக்க விடுவேன். நடுவில் கூட்டம் குறைந்தால் இன்னொரு தடவை. ஒரு மாதத்தில் போசியின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டிவிட்டது. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். டாக்டர் பார்த்தார், யோசித்தார். ஆய்வு வரும்போது இது கண்ணில் படக்கூடாது என்று மட்டும் சொன்னார். அந்த அளவுக்கு நல்லவர்.

எனக்கு அப்போது ப்ரொபேஷன் காலம். ஆய்வு அறிக்கையில் என் பெயருக்கு எதிராக ஒன்றும் இல்லாமல் இருந்தால்தான் வேலை நிரந்தரம். எங்கள் சனத்தில் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த முதல் ஆள் நான். அப்பா சந்தைக்குப் போனால்கூட என் வேலையைப் பற்றித்தான் பேசுவார். இதைச் சொல்லி வைக்கிறேன், பின்னால் நான் செய்ததற்குச் சாக்காக அல்ல.

3. ஆஸ்பத்திரிக்குக் கல்யாணம்

ஆய்வு என்று தேதி சொல்லி ஒரு வாரம் முன்பே கடிதம் வந்துவிடும். திருடனைப் பிடிக்க வருகிறேன், தயாராக இரு என்று போலீஸ் எழுதுகிற மாதிரி. அந்த ஒரு வாரம் ஆஸ்பத்திரி பண்ணுகிற கூத்து இருக்கிறதே! ஒரு ஆள் உயரத்துக்கு மட்டும் வெள்ளையடிப்பார்கள். ஆபீசர் அண்ணாந்து பார்க்கமாட்டார் என்பது ஹெட் கிளார்க்கின் கணக்கு. பக்கத்து ஆபீசிலிருந்து நாலு நாற்காலி, யார் வீட்டிலிருந்தோ ஜன்னல் திரை. பீரோவிலிருந்து 'இன்ஸ்பெக்‌ஷன் செட்' வெளியே வரும். அதாவது எந்த வாயையும் பார்த்திராத புதுக் குறடுகள். பச்சைத் துணி விரித்து வரிசையாக அடுக்கி வைப்போம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஏற்பாடு, அன்றைக்கு நோயாளியே வரக்கூடாது. நோயாளி வந்தால் எச்சில் துப்புவான், ரத்தம் சொட்டும், தரை கெட்டுப்போகும். சுத்தமான ஆஸ்பத்திரி என்றால் ஆள் இல்லாத ஆஸ்பத்திரி. வாட்ச்மேனிடம் சொல்லி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்தத் தடவை ஆய்வுக்கு முதல் நாள் மதியம் நாச்சிமுத்து என்ற தறிக்காரர், கடைவாய்ப் பல்லில் வீக்கம் என்று வந்தார். சம்சாரம் பாவாயி கூடவே இருந்தார். டாக்டர் அப்போது ரிஜிஸ்டருக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்து, மாத்திரை எழுதி, நாளை ஆய்வு, நாளை மறுநாள் வா என்று அனுப்பினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்து பார்க்கலாமே என்று சொல்லவில்லை.

4. ஆய்வு நடந்த அழகு

மறுநாள் காலையில் பழக்க தோஷத்தில் சாமான்களை எப்போதும்போலக் கொதிக்க வைத்தேன். அப்புறம் மூடி போட்டு, போசியையும் ஸ்டவ்வையும் துடைப்பம் வைக்கிற ரூமில் ஒளித்துவிட்டேன். பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. ஆபீசர் இறங்கினார், மாலை போட்டார்கள், டிபன் நடந்தது. ஒன்றரை மணி நேரம் டிபன். பிறகு எங்கள் ரூமுக்கு வந்தார். கையில் ஒரு அச்சடித்த கேள்வித்தாள். இத்தனை நாற்காலி உண்டா, இத்தனை ரிஜிஸ்டர் உண்டா, ஸ்டெரிலைசர் உண்டா. உண்டு, உண்டு, உண்டு. அது சூடாகுமா என்று கேட்க அதில் கட்டமே இல்லை. துணியை நீக்கிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. பேஷ் என்றார். டாக்டருக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்போதுதான் கேட் பக்கம் ஒரு பொம்பளையின் அழுகுரல் கேட்டது. நான் நழுவி வெளியே போனேன். நாச்சிமுத்து கேட்டுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்திருந்தார். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் பலகை மாதிரி வீங்கி இறுகியிருந்தது. வாய் மூட முடியவில்லை, நாக்கு மேலே தள்ளிக்கொண்டு நின்றது, எச்சில் துண்டில் வழிந்தது. வாட்ச்மேன் உள்ளே விடமாட்டேன் என்கிறான்.

"நேத்தே வந்தமுங்க சிஸ்டர். நாளான்னிக்கு வான்னு சொல்லிப்போட்டாங்க. இப்பப் பச்சத்தண்ணி எறங்கலீங்க, மூச்சு உட முடியலீங்க," என்றார் பாவாயி.

அந்த வீக்கம் மூச்சுக்குழலை அடைத்தால் ஆள் பிழைக்கமாட்டான் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். கையைப் பிடித்துத் தூக்கி, வாட்ச்மேனைத் தள்ளிவிட்டு, நேராகப் பல் ரூமுக்கே கூட்டிக்கொண்டு போனேன். மெழுகின தரையில் எச்சில் சொட்டச் சொட்ட.

ஆபீசர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "இன்னிக்கு ஓ.பி. கெடையாதுன்னு சொன்னீங்களே?"

சிற்றம்பலத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். அந்தக் கழுத்தைத் தொட்டுப் பார்த்த நொடியே அவருக்கு ஆய்வும் மறந்தது, ஆபீசரும் மறந்தார். உடனே கீறிவிட வேண்டும் என்றார். ஸ்டெரிலைசரில் தண்ணீர் ஊற்றி ஸ்விட்ச் போடச் சொன்னார். ஊற்றினேன். வயரைத் தேடினேன், இல்லை. ஆபீசருக்கு டீ போட எலெக்ட்ரிக் கெட்டிலுக்கு வயர் இல்லையென்று ஹெட் கிளார்க் அதைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஓடிப் போய்ப் போசியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மூடியைத் திறந்து, கத்தியையும் மற்றதையும் அதிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தாடைக்குக் கீழே அவர் கீறினதும் சீழ் பீறிட்டது. ரூமெல்லாம் நாற்றம். ஆபீசர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கதவுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் நாச்சிமுத்துவின் நாக்கு இறங்கியது. மூச்சு சீராக வந்தது. பாவாயி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். வார்டில் சேர்த்து ஊசி போட்டு, எட்டாம் நாள் அந்த மனுஷன் நடந்து வீட்டுக்குப் போனார்.

கதவில் நின்ற ஆபீசர் போசியைக் காட்டி, இந்தச் சமையல் பாத்திரத்தை யார் உள்ளே கொண்டுவந்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். குறித்துக்கொண்டார். ஏன் என்று கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொட்டித் தீர்த்திருப்பேன்.

5. டீ போட்ட கதை

ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது. ஸ்டெரிலைசர் மிகச் சிறப்பான நிலையில் பராமரிக்கப்படுகிறது, டாக்டருக்குப் பாராட்டு. பல் பிரிவுக்குள் சமையல் பாத்திரமும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் காணப்பட்டன, நர்ஸிடம் விளக்கம் கேட்கப்பட வேண்டும். நாச்சிமுத்துவைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது. அன்றைய ஓ.பி. ரிஜிஸ்டரில் 'நோயாளிகள் இல்லை' என்று காலையிலேயே எழுதி வைத்திருந்தோம், ஆபீசர் அதன் கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். ஒரு உயிரைக் காப்பாற்றின நாளில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு யாருமே வரவில்லை. காகிதம் அப்படித்தான் சொல்கிறது.

நான் நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதினேன். ஹெட் கிளார்க் படித்துவிட்டு, இதை அனுப்பினால் ஸ்டெரிலைசரை உபயோகிக்கவே இல்லை என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றார். அவரே வேறு ஒன்றை எழுதி நீட்டினார். சொந்த உபயோகத்துக்குத் தேநீர் தயாரிப்பதற்காக வைத்திருந்தேன், தவறுக்கு வருந்துகிறேன், இனி இவ்வாறு நிகழாது.

சிற்றம்பலம் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நெசத்த எழுதுனா ரெண்டு பேரும் போயிருவோம் அம்மிணி. டீன்னு எழுதுனா உனக்கு ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிரும். ப்ரொபேஷன் எல்லாம் நான் பாத்துக்கறேன்."

இரண்டு பக்கத்தைக் கிழித்தேன். டீயில் கையெழுத்துப் போட்டேன். ஆபீசர் முட்டாள், ஹெட் கிளார்க் தந்திரக்காரர், டாக்டர் பயந்தாங்கொள்ளி என்று இத்தனை நேரம் சொல்லிக்கொண்டு வந்தேன் அல்லவா? கையெழுத்து என்னுடையது. அதிலிருந்து மூன்றாம் மாதம் வேலை நிரந்தரமானது. அப்பா கோயிலில் பொங்கல் வைத்தார். நானும் தின்றேன்.

6. சேலத்தில் ஒரு வகுப்பு

அடுத்த வருஷம் சேலத்தில் நர்ஸுகளுக்கு மூன்று நாள் பயிற்சி வகுப்பு. என் பக்கத்தில் ஆத்தூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து வந்த தனலட்சுமி உட்கார்ந்திருந்தாள். அவளும் பல் டிபார்ட்மென்ட். சாப்பாட்டு வேளையில் பேச்சு வந்தது. அவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஸ்டெரிலைசரே வரவில்லையாம். வருஷக்கணக்காக ஒரு குண்டாவில்தான் குறட்டைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாளாம். நல்ல வேலை செய்கிறாய் என்றேன்.

"எங்க செய்யறது? போன வருஷம் சர்க்குலர் வந்துச்சே, பல் ரூம்ல ஸ்டவ்வு, பாத்திரம் எதுவும் இருக்கக் கூடாதுன்னு. எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. இப்ப லோஷன்ல முக்கித் தொடைக்கறதுதான். உங்க பக்கம் எவளோ ஒருத்தி அதுல டீ போட்டுக் குடிச்சாளாம். அவளால எல்லாருக்கும் கேடு."

சோற்றில் வைத்த கையை எடுக்க முடியவில்லை. அந்தச் சுற்றறிக்கை எங்கள் ஆஸ்பத்திரிக்கும் வந்திருந்தது. எனக்குத்தான் என்று நினைத்து மடித்து வைத்துவிட்டு, போசியை வீட்டுக்குக் கொண்டுபோய், லோஷனுக்கே திரும்பியிருந்தேன். ஜில்லா முழுக்கப் போயிருக்கும் என்று புத்தியில் உறைக்கவில்லை.

அந்த ஒருத்தி நான்தான் என்றேன். டீ போடவில்லை, உன்னைப்போலத்தான் குறடு கொதிக்க வைத்தேன் என்றேன்.

"அப்பறம் எதுக்கு டீன்னு எழுதிக் குடுத்த?" என்றாள்.

வேலைக்காக என்று சொன்னேன். அவள் இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மீதி இரண்டு நாளும் வேறு வரிசையில் உட்கார்ந்தாள்.

ஊருக்குத் திரும்பின மறுநாள் காலையில் ஸ்டெரிலைசரில் தண்ணீர் ஊற்றி ஸ்விட்சைப் போட்டேன். டாக்டர் வந்து பார்த்தார். மெமோ வந்தால் இந்தத் தடவை நானே பதில் எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவர் முதல் நோயாளியைக் கூப்பிட்டார். அடுத்த ஆய்வில் 'மோசமான பராமரிப்பு' என்று எழுதினார்கள், மெமோ வந்தது. தினமும் கொதிக்க வைக்கிறோம், அதனால் உப்புப் பிடித்திருக்கிறது என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வேலையும் போகவில்லை. இவ்வளவுதான் விஷயம், இதற்கா அன்றைக்கு அப்படி நடுங்கினேன் என்று என் மேலேயே காறித் துப்பலாம் போல் இருந்தது.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். செய்த நல்ல வேலையைச் செய்யவில்லை என்று எவன் எழுதிக் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். அது உங்கள் ஃபைலோடு நிற்காது. நான் எழுதின அந்த ஒரு வரி உண்மை எங்கள் ஆஸ்பத்திரிக்கு மட்டும் உதவியது. நான் சொன்ன பொய் ஜில்லா முழுக்கப் போனது. நான் ரிட்டயர் ஆகும் வரை அந்தச் சுற்றறிக்கையை யாரும் ரத்து செய்யவில்லை.