கிளப் பொன்னம்மாளும் முடியாத ஒரு வாதமும்

மேட்டுப்பாளையம் மண்டியில் கிழங்கு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. குன்னூரிலிருந்து வந்த வண்டிக்காரன், "கவுடரே, கிளப் பொன்னம்மா தவறிட்டாங்க" என்றான். மூட்டைகளைத் தம்பியிடம் விட்டுவிட்டு மலையேறினேன். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கிளப்பின் சாத்திய கதவுக்கு முன்னால் நின்றிருந்த கடைக்காரர்கள், "வயிறாரச் சோறு போட்ட புண்ணியவதி" என்று பேசிக்கொண்டார்கள். சோறு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு வரியில் அவரை அடக்கிவிட நான் சம்மதிக்கமாட்டேன். அவரை அறிந்த நீங்களும் சம்மதிக்கக் கூடாது.

பொன்னம்மாள் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து புருஷனோடு மலைக்கு வந்தவர். புருஷன் காய்ச்சலில் போன பிறகு, குன்னூர் பஜார் முனையில் சாப்பாட்டு கிளப் வைத்துத் தனியாகவே நடத்தினார். நான் படகன், தலைமுறை தலைமுறையாக இந்த மலையிலேயே இருக்கும் குடி. எங்கள் மாடுகள் மேய்ந்த புல்வெளிகளைத் தேயிலை விழுங்கியது. பிறகு அந்தத் தேயிலைக்கு ஆள் வேண்டுமென்று கீழிருந்து கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. அதை நான் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

மழை பொய்த்த அந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். பக்கத்து எஸ்டேட்டின் கங்காணி தேவைக்கு மேல் ஆட்களைக் கூட்டிவந்தான். வேலை கிடைக்காதவர்கள் எங்கள் ஊருக்கு மேலே, நாங்கள் குடிக்கும் ஓடையின் கரையில் குடிசை போட்டார்கள். எங்கள் குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. ஒரு மாலையில் குடிசை ஒன்று எரிந்தது. தீ வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் பஜாரில் இரண்டு பக்கமும் தடியோடு ஆட்கள் நின்றார்கள்.

பொன்னம்மாள் வெளியே வந்தார். "அடிச்சுக்கறதுன்னா வேற எங்காச்சும் போயி அடிச்சுக்குங்க. பேசறதுன்னா உள்ள வந்து உக்காருங்க. அடுப்ப அணைச்சுட்டேனுங்க, இன்னைக்கு யாவாரமில்ல."

எங்கள் ஊர்க்காரர்களும் பஜார் வியாபாரிகளும் உள்ளே போனோம். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "குடிசைக்காரங்க எங்கீங்க?" என்றார்.

"அவங்க எதுக்கு? அவங்களப் பத்தித்தானே பேசறோம்" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"யாரப் பத்திப் பேசறமோ அவங்க இல்லாமப் பேசுனா அது பேச்சில்லீங்க, பொறணி."

ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். குடிசை எரிந்த செல்லாயி தன் தம்பியோடு வந்து, வாசலிலேயே நின்றாள். சாதி பார்த்துப் பந்தி போடும் பஜார் இது. பொன்னம்மாள் அவள் கையைப் பிடித்து அழைத்துவந்து எனக்கு எதிர் பெஞ்சில் உட்கார வைத்தார். வியாபாரிகள் இரண்டு பேர் எழுந்து போனார்கள். அதன் பிறகு அவர்கள் அங்கே கை நனைக்கவே இல்லை.

நான் என் வழக்கைச் சொன்னேன்: தண்ணீர், மேய்ச்சல், கேட்காமலே எங்கள் மேல் சுமத்தப்பட்ட கூட்டம். பொன்னம்மாள் குறுக்கிடவில்லை. "கவுடரு சொல்றது நெசந்தானுங்க. தண்ணி கெட்டா கொழந்தைங்களுக்குத்தான் கேடு. இதுக்குப் பதில் சொல்லோணும்" என்று செல்லாயியைப் பார்த்தார்.

"நாங்க ஆசப்பட்டா வந்தமுங்க? வேலை இருக்குதுன்னு கங்காணி கூட்டியாந்தாரு. திரும்பிப் போறதுக்குக் கீழ என்னங்க இருக்குது, வெடிச்ச காடுதான்" என்றாள் அவள்.

"பஞ்சப் பராரிங்க" என்று யாரோ கத்தினார்கள். பதிலுக்கு அவள் தம்பி எங்களை "மலைக் காட்டானுங்க" என்றான். இரண்டு பேருக்கும் பொன்னம்மாளிடமிருந்து ஒரே அதட்டல் கிடைத்தது: "ஆளத் திட்டாதீங்க. சொன்ன சொல்லுக்குப் பதில் சொல்லுங்க."

பொழுது சாயும் நேரத்தில் ஒன்று மட்டும் தெளிவாகியிருந்தது. எங்களை மோதவிட்ட எஸ்டேட்காரர்கள் அந்த அறையிலேயே இல்லை. நாங்கள் தண்ணீர் எடுக்கும் இடத்துக்குக் கீழே குடிசைகளை மாற்றிக்கொள்வதாகச் செல்லாயியும் அவள் தம்பியும் ஒப்புக்கொண்டார்கள். புதுக் குடிசைகளுக்கு மூங்கில் சுமக்க நாங்கள் ஒப்புக்கொண்டோம். பிறகு எல்லோரும் சேர்ந்து எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரையிடம் போய், கூட்டிவந்தவர்களுக்கு வீடும் வேலையும் கேட்பது என்று முடிவாயிற்று.

மறுநாள் விடிந்ததும் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் கிளப்புக்கு வந்தார். "இந்தக் கூட்டமெல்லாம் துரைக்குப் பிடிக்கலை. இனி எஸ்டேட் சாப்பாடு உன்னிடம் எடுக்கமாட்டோம்" என்றார்.

பொன்னம்மாள் இலை போடுவதை நிறுத்தவில்லை. "புடிக்கலீன்னா அவுர இங்க வந்து பேசச் சொல்லுங்க. பெஞ்சுல எடமிருக்குது. அவுரும் இந்த மலைக்கு வந்தவருதானுங்களே!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ரைட்டர் வந்த வழியே திரும்பினார். அன்றே நானும் ஜவுளிக்கடைக்காரரும் செல்லாயியும் துரையின் பங்களா வாசலில் போய் நின்றோம். வெகுநேரம் காக்க வைத்தார்கள், நாங்கள் நகரவில்லை. கடைசியில் பாதிக் குடும்பங்களுக்கு மேல் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் இடமும் எஸ்டேட்டில் வேலையும் கிடைத்தது. சிலர் கீழே போய்விட்டார்கள். செல்லாயி பஜாரிலேயே தங்கிக் காய்கறி விற்றாள். எஸ்டேட் சொன்னபடியே சாப்பாடு எடுப்பதை நிறுத்தியது. கிளப் நெடுநாள் காற்றாடியது. பொன்னம்மாள் யார் காலிலும் போய் விழவில்லை.

இப்போது சிலர் சொல்கிறார்கள், இந்த மாதிரிப் பேச்செல்லாம் வம்பை வளர்க்கும், அதிகாரிகளிடம் விட்டுவிடுவதே நல்லது என்று. அவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். நாங்கள் பேசாமல் இருந்தபோது குடிசை எரிந்தது. பேசிய பிறகு எதுவும் எரியவில்லை.

நான் மனம் மாறிவிட்டதாகவும் யாரும் எழுதிவிட வேண்டாம். பொன்னம்மாள் படுக்கையில் கிடந்தபோது பார்க்கப் போனேன். "இன்னும் ஆட்கள் வந்தால் இந்த மலை தாங்காது, அம்மணி" என்றேன்.

"தாங்குமுங்க. தொரைங்க கொஞ்சம் தள்ளி உக்காந்தாப் போதும்."

"தள்ளி உட்கார்ந்தாலும் அந்தப் புல்வெளி எங்களுடையது."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இருமலுக்கு நடுவே, "எந்திரிச்சு வந்து இதுக்குப் பதில் சொல்றேனுங்க" என்று விரலை ஆட்டினார்.

அந்தப் பதில் எனக்குக் கிடைக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது முடியாத அந்த வாதம்தான். அதை நான் விட்டுவிடப் போவதில்லை. என் பக்கத்தில் நான் அப்படியே நிற்கிறேன். நேற்று மலையேறி வந்தவராக இருந்தாலும் சரி, பொன்னம்மாளின் பக்கத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசட்டும். காது கொடுத்துக் கேட்பேன்.