ஒருசந்தியை அவர் வாங்கிக்கொண்டார்

புற்று என்று டொக்டர் சொன்னபோது நான் அழவில்லை. மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்து, மூலையில் கிடந்த கொழுந்துக் கூடையைப் பார்த்ததும்தான் அழுதேன். மாதக்கணக்கில் இரத்தம் போய்க்கொண்டிருந்தது. பெண்களுக்கு வருவதுதானே என்று சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு மலை ஏறியிருந்தேன். கர்ப்பப்பை வாயில் கட்டியாம். கடைசிப் பிள்ளை இன்னும் இடுப்பை விட்டு இறங்கவில்லை. மாதாவே, இதுகளை யாரிடம் விட்டுப் போவேன் என்று கதறினேன்.

கொழும்பில் கரண்ட் வைத்தால், அதுதான் கதிர் பாய்ச்சினால், கட்டி கரையும் என்றார்கள். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் பூசை முடிந்து, நெற்றிச் சாம்பலோடு மாதாவிடம் நேர்ந்துகொண்டேன்: கட்டி கரையும்வரை ஒருசந்தி. ஒரு வேளைச் சோறு, மற்ற நேரம் வெறும் தேத்தண்ணீர். எங்கள் தோட்டத்தில் பெரிய காரியம் கேட்பதென்றால் வயிற்றைக் காயப்போட்டுத்தான் கேட்போம். அதனால் ஆஸ்பத்திரியில் தந்த முட்டையும் மீனும் பக்கத்துக் கட்டில் சிங்கள அக்காவுக்குப் போயின. அவர் நன்றாகத் தேறினார்.

என் கட்டி மட்டும் அசையவில்லை. வாரக்கணக்கில் கரண்ட் வைத்த பிறகு, யாழ்ப்பாணத்து டொக்டர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"உம்மில இரத்தமே இல்லை. எங்கட கதிர் மூச்சுக் காத்து கிடைக்கிற புற்றைத்தான் நல்லாக் கொல்லும். அந்தக் காத்தை இரத்தம்தான் கொண்டுபோகவேணும். உம்மட கட்டிக்குள்ள காத்தில்லாமல் கிடக்கிறதுகள் சாகாமல் தப்புது."

எனக்கு உடனே விளங்கியது. ஊதாத அடுப்பில் விறகு புகையும், எரியாது. ஒருசந்தியைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "முதல்ல சாப்பிடும்! இரத்தமும் ஏத்தவேணும்!"

எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. நேர்த்தியை முறித்தால் மாதாவுக்குப் பொய். முறிக்காவிட்டால் பிள்ளைகளுக்குத் தாய் இல்லை. செபமாலையைப் பிடித்துக்கொண்டு, வழியை நீயே காட்டு தாயே என்று மன்றாடினேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்காரர் வந்தார். பிரசங்கத்தில் தூங்குகிற மனுஷன். ஒரு வேளை சோறு பிந்தினால் சட்டியை உருட்டுகிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இரத்தம் கொடுக்கப் போய்ப் படுத்தார். கொடுத்தால் ஆளின் சத்தே போய்விடும் என்று லயமே பயந்த காலம் அது. அவர் இரத்தம் எனக்குச் சேர்ந்ததே மாதா செய்த ஒரு புதுமை. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"நேந்தது நம்ம குடும்பந்தானே, புள்ள? அந்த ஒருசந்திய எங்கிட்டக் குடு. நீ தின்னு."

"உங்களுக்குப் பசி தாங்காதுங்க."

"தாங்குறேன். நீ இருந்தாப் போதும்."

மாதா எனக்குச் சொன்ன பதில் அதுதான். வேறு குரல் எனக்குக் கேட்கவேயில்லை. இரத்தம் கொடுத்ததால் டொக்டர் சொன்னபடி அவர் அன்று மட்டும் வயிறாரச் சாப்பிட்டு, மறுநாள் முதல் என் நேர்த்தியைச் சுமந்தார். நான் அழுதுகொண்டே முட்டை தின்றேன். அவர் இரத்தம் என் கைக்குள் இறங்கியது. முகத்தில் நிறம் வந்தது. மறுபடி கரண்ட் வைத்தார்கள். "இப்ப கரையுது" என்று டொக்டரே சிரித்தார். தவக்காலம் முடிந்து பாஸ்குவுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தேன். மழைக்காலம் முடிந்ததும் கூடையைத் தலையில் மாட்டினேன். இடுப்பில் இருந்த பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இந்த நோய் வந்தால் மாதாவை நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு டொக்டர் தருவதைச் சாப்பிடுங்கள். அதுவும் அவள் கொடுப்பதுதான்.

இந்த விபூதிப் புதனன்றும் அவர் தன் சோற்றை என் தட்டில் தள்ளினார். "கட்டிதான் எப்பவோ கரைஞ்சிருச்சே, ஒருசந்திய விடுங்களேன்" என்றேன்.

"அப்ப இருந்தது மாதாகிட்டக் கேட்டதுக்கு" என்றார். "இப்ப இருக்கிறது குடுத்ததுக்கு."