பின் கேட்டில் வந்து நின்ற கார்

நான் மேனேஜராக இருக்கும் பங்களாவுக்கு இரண்டு கேட்டுகள். முன் கேட் பெங்களூர் ரோட்டைப் பார்த்தது. அதில் நுழைந்தால் சரளைக்கல் பாதை, இரு பக்கமும் மாமரங்கள், முடிவில் வண்டி நிற்கும் போர்ட்டிகோ. பின் கேட் தோல் பதனிடும் ஷாப்புக்குப் போகிற சந்தில் இருக்கிறது. அதில் நுழைந்தால் கிணறு, சமையற்கட்டு, அதற்கும் அப்பால் என் குவார்ட்டர்ஸ். அந்தக் காலத்தில் அது குதிரை லாயமாக இருந்தது. ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும்.

விருந்தாளிகளுக்கு முன் கேட். வேலை செய்கிறவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் பின் கேட். முதலாளி வைத்த சட்டம் அது. என் மகள் இந்தக் காம்பவுண்டுக்குள்தான் வளர்ந்தாள். ஆனால் போர்ட்டிகோ வழியாக அவள் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை.

பங்களாவைக் கட்டியவர் ஒரு வெள்ளைக்காரத் தோல் வியாபாரி. ஆம்பூரில் இன்னும் அதைத் துரை பங்களா என்றுதான் சொல்கிறார்கள். துரை சீமைக்குத் திரும்பியபோது எங்கள் முதலாளியின் தகப்பனார் வாங்கினார். சுதந்திரத்துக்குப் பிறகு முதலாளி அதைத் தங்கும் ஓட்டலாக மாற்றினார். தோல் வாங்க வரும் ஜெர்மன்காரர்கள் தங்குவார்கள். கல்யாண மாதங்களில் பங்களாவை மொத்தமாக வாடகைக்கு விடுவோம்.

வருகிறவர்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒரு பழங்கதை வேண்டும். ஹால் கூரையில், ஆள் வைத்துக் கயிறு இழுத்து வீசும் பங்கா தொங்கிய இரும்பு வளையங்களைக் காட்டுவேன். தூண்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் அரைத்துப் பூசியவை, சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். ஒரு கல்யாணத்துக்கு வந்த பெரியவர், நவாபுடைய குதிரைகள் இந்தக் கிணற்றில்தான் தண்ணீர் குடித்தனவா என்று கேட்டார். வீடு நவாபுகளுக்கெல்லாம் வெகுகாலம் பின்னால் வந்தது. அவருடைய ஆவலைப் பார்த்து, "குடிச்சிருக்கலாங்க" என்றேன்.

முஸ்லிம் தோல் வியாபாரிகள் வீட்டுக் கல்யாணம் என்றால் பின்பக்கம் பிரியாணி தேக்சாக்கள் வரிசையாக அடுப்பேறும். இந்து விருந்தாளிகளுக்கு மாமரத்தடியில் தனி அடுப்பு, தனிச் சமையல்காரர், தனிப் பந்தி. அந்தப் பந்தியைக் கவனிப்பது என் பொறுப்பு. எத்தனையோ கல்யாணங்களில் சாப்பிட்டிருக்கிறேன். ஒன்றிலும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. எல்லாம் முடிந்தபின் ஒரு தட்டில் போட்டு குவார்ட்டர்ஸுக்கு எடுத்து வருவேன். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே என் மனைவி இறந்துபோனாள். அதன் பிறகு அந்தத் தட்டுக்கு நாங்கள் இரண்டு பேர். மகள், சமையற்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்த கல்யாணங்களைப் பற்றிச் சாப்பிட்டுக்கொண்டே சொல்வாள். "இந்த மாப்பிள்ளைக்கு சட்டை அவரோட அண்ணனுதுப்பா. தோளு எங்க கீது பாத்தியா?" என்பாள்.

வேலூரில் டீச்சர் டிரெயினிங் படித்தபோது ஹாஸ்டலில் இருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலில் வருவாள். பங்களாவின் கருப்புப் பிளஷர் காரில் டிரைவர் போய் ஸ்டேஷனிலிருந்து அழைத்து வருவார். அவர் முதலாளியின் தகப்பனார் காலத்து ஆள், உருதும் தமிழும் கலந்து பேசுவார், என் மகளைத் தூக்கி வளர்த்தவர். பின் சந்தில் திரும்பும்போதே ஒரு ஹாரன் அடிப்பார். நான் வாசலுக்கு வருவேன்.

படிப்பு முடிந்ததும் குடியாத்தத்திலிருந்து வரன் வந்தது. தறி வைத்து லுங்கி நெய்யும் குடும்பம். பையன் பம்பாயில் அவர்கள் லுங்கிக் கடையைப் பார்த்துக்கொள்கிறான். நல்ல பையன், நல்ல இடம். பம்பாய் என்ற வார்த்தையைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கும். முந்தின நாள் சாயங்காலம் பெண்ணை அழைத்துப் போவார்கள். அப்படிப் புறப்பட்ட பெண், தாலி ஏறி மறுவீடு வரும்வரை பிறந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் பெண் திரும்பி வந்துவிட்டாள் என்று அர்த்தம். அதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

சம்பந்தி நேரில் வந்து சொன்னார். "எங்க வூட்ல எங்க பாத்தாலும் தறிதான் சம்மந்தி. நாங்களே தறிக்கு நடுவுல ஒண்டிக்கினு கீறோம். பந்தல் போட எடமில்ல. பேசாம நீங்க வேல பாக்கற பங்களாவயே ரெண்டு நாளைக்கு எடுத்துக்கறோம்."

எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். அப்புறம்தான் யோசனை வந்தது. மாப்பிள்ளை வீடு என்று அவர்கள் எடுத்த பங்களாவின் பின்பக்கத்தில்தான் பெண் வீடு இருக்கிறது.

"சமையற்கட்டத் தாண்டி வந்தா பொண்ணழைப்பு முடிஞ்சிது" என்று என் அக்கா சிரித்தாள். கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தோம். பெண் பின் கேட் வழியாகப் பிளஷரில் புறப்படும். ஊருக்குள் பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளை வீட்டுப் புடவை மாற்றி, முன் கேட் வழியாக மேளத்தோடு பங்களாவுக்கு வரும். மேளக்காரர்கள் முன் கேட்டில் காத்திருப்பார்கள்.

அந்த மதியம் மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். சம்பந்தியம்மா அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா மேனேஜர், ஜன்னலத் தொறந்தா தோல் நாத்தம் கொடலப் புடுங்குது."

"சாயங்காலம் காத்து திரும்பிடும்மா."

"காத்து திரும்பும். நாத்தம் எங்க போவும்?"

சம்பந்தி என்று கூப்பிட வேண்டியவர் மேனேஜர் என்று கூப்பிட்டார். நானும் மேனேஜராகத்தான் பதில் சொன்னேன். ஒருவருக்குத் தலையணை, ஒருவருக்கு வெந்நீர். மாடியில் ஒரு அறையில் விளக்கு எரியவில்லை. நாற்காலி மேல் ஏறி பீஸ் கம்பி போட்டுக்கொண்டிருந்தபோது பின்பக்கம் ஹாரன் கேட்டது. மகள் புறப்படும்போது சொல்ல வேண்டியதை ஒரு மாதமாக யோசித்து வைத்திருந்தேன். இறங்கி ஓடினேன். சந்தில் புழுதி மட்டும் இருந்தது. வாசலில் என் அக்கா ஏற்றி வைத்த குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

போர்ட்டிகோவுக்குத் திரும்பி வந்தேன். சம்பந்தி என்னைப் பார்த்ததும், "நீங்க இன்னா இங்க? பொண்ணுகூட இல்ல வரணும்?" என்றார். உடனே அவரே, "நீங்களும் போய்ட்டா சாவி யார்கிட்ட கேக்கறது? இங்கியே இருங்க" என்றார். பெண் வீட்டாரோடும் இல்லாமல், மாப்பிள்ளை வீட்டாரோடும் இல்லாமல், ஒரு தூணின் பக்கமாக நின்றேன். கை தூணில் பட்டது. சில்லென்று இருந்தது.

கார் வரவில்லை. ஆரத்திக்கு ஆலம் கரைத்த தட்டை வைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். நாதஸ்வரக்காரர் முன் கேட்டில் சீவாளியை நனைத்து நனைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தோல் ஏற்றிய லாரிகள் போகிற ரோடு அது. பார்த்துப் பார்த்து எனக்குக் கண் எரிந்தது.

அப்போது பின்பக்கம் ஒரு ஹாரன் கேட்டது. சந்தில் திரும்பும்போது அடிக்கும் அதே ஹாரன். எனக்குப் புரிந்துவிட்டது.

ஹாலைக் கடந்து, சமையற்கட்டைக் கடந்து ஓடினேன். கிணற்றுப் பக்கம், என் குவார்ட்டர்ஸ் வாசலில், விளக்குக்கு நேராகக் கார் நின்றிருந்தது. டிரைவர் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.

"ஸாப், நான் திருப்பல. கை திருப்பிடுச்சி" என்றார். "பாப்பா பின்னாடி உக்காந்திருந்தா கைக்கு வேற வழி தெரியாது, ஸாப்."

காருக்குள் என் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள். "வாசல்லயே கொண்டாந்து நிறுத்திட்டாரே. யாராவது பாத்தா கல்யாணம் என்னாவும்டா?"

மகள் புதுப் புடவையில் இருந்தாள். நெற்றிச் சுட்டி சற்றுக் கோணியிருந்தது. என்னைப் பார்த்தாள். நான் சொல்ல நினைத்ததெல்லாம் அப்போது சொல்லியிருக்கலாம்.  என் கை கார்க் கதவின் பிடியில் இருந்தது. எப்போது போய்ப் பிடித்தது என்று தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் அவள் பெட்டியை வாங்கிக்கொள்ள நான்தான் கதவைத் திறப்பேன்.

"தொறக்காதப்பா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "நான் இன்னும் கால வெக்கல."

திறக்கவில்லை. ஆனால் கையை எடுக்கவும் முடியவில்லை. திறந்திருந்தால் கல்யாணமே நின்றிருக்கும். அந்த ஒரு கணம், அவள் இறங்கிவிட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

அதற்குள் சம்பந்தியம்மா வந்துவிட்டார். பின்னால் அவர்கள் பெண்கள், ஆலம் தட்டு, கடைசியில் சம்பந்தி. யாரோ ஒரு கிழவி, "பொண்ணு திரும்பிடுச்சா?" என்றாள்.  சமையற்கட்டில் எண்ணெய் காயும் சத்தம் கேட்டது.

சம்பந்தியம்மா காரைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், கதவின் மேலிருந்த என் கையைப் பார்த்தார்.

"இன்னா சம்மந்தி, அதுக்குள்ள பொண்ணத் திரும்ப அழைச்சிக்கினீங்களா?"

அன்றைக்கு முதல் தடவையாகச் சம்பந்தி என்று கூப்பிட்டார். டிரைவர் முந்திக்கொண்டார். "தப்பு என்துதாம்மா. அவுரு மேல இல்ல."

சம்பந்தி தொண்டையைக் கனைத்தார். "பெரியவங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்று தொடங்கினார்.

"இன்னாத்தக் கேக்கறது?" என்றார் சம்பந்தியம்மா. "ரெண்டு நாளைக்கு இந்தக் காம்பவுண்டு மொத்தத்துக்கும் வாடக குட்த்துகீறோம் இல்ல? முன்னாடி மட்டும்னா குட்த்தோம்? இங்க எங்க வண்டி நின்னாலும் எங்க வூட்டு வாசல்தான். பொண்ணு மாப்பிள்ள வூட்டுக்குத்தான் வந்துகீது. மேளத்த இங்க வரச் சொல்லு."

சம்பந்தி மனைவியைப் பார்த்தார். பிறகு நாதஸ்வரக்காரரைக் கூப்பிட அவரே ஓடினார்.

நான் கையை எடுத்தேன். சம்பந்தியம்மாவே கதவைத் திறந்தார். ஆலம் சுற்றினார்கள். என் மகள் குதிரை லாயத்து நிலைப்படியில் வலது காலை எடுத்து வைத்து, மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழைந்தாள். டிரைவர் காருக்குள்ளேயே முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

எல்லோரும் உள்ளே போனார்கள். நான் கிணற்றடியில் நின்றேன். சம்பந்தியம்மா வாசலில் தலையை நீட்டி, "இன்னா வெளியவே நின்னுட்டீங்க? உள்ள வாங்க சம்மந்தி. கூச்சப்படாதீங்க, நம்ம வூடுதான்" என்றார்.

போனேன். என் நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார்கள். என் டம்ளரில் எனக்குப் பானகம் கொடுத்தார்கள். எதிரில் கட்டிலின் ஓரத்தில் என் மகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பிறந்ததிலிருந்து படுத்த கட்டில் அது. முன்பின் தெரியாத வீட்டில் உட்காருவதுபோல, அதன் நுனியில் உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். பானகத்தைக் குடித்துவிட்டு, பந்தி வேலை இருக்கிறது என்று எழுந்து வந்தேன்.

மறுநாள் தாலி ஏறியது. ஹாலில், பங்கா வளையங்களுக்குக் கீழே. தாரை வார்க்கும்போது தண்ணீர் மாப்பிள்ளையின் வேட்டியில் சிந்தியது. நல்ல பையன், ஈரத்தை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டான். சாயங்காலம் குடியாத்தம் பஸ் கிளம்பியது. வாடகைக்கு விட்ட நேரம் முடிந்து, குவார்ட்டர்ஸ் மறுபடி என் வீடானது. கட்டிலில் யாருடைய பூவோ கிடந்தது. அதை எடுத்துப் போட மனம் வராமல் சமையற்கட்டில் போய்ப் படுத்தேன்.

மறுவீட்டுக்கு அவர்களை அழைத்துவரக் காரை அனுப்பினேன். டிரைவர் கிளம்பும் முன் வந்து நின்றார். "இன்னிக்கு எந்த கேட், ஸாப்? இப்பவே சொல்லிடுங்க. எனக்குப் பேஜாரா கீது."

"முன் கேட்" என்றேன். முதலாளியிடம் கேட்டு வைத்திருந்தேன். "அது இப்ப விருந்தாளிதானே, வரட்டும்" என்று சொல்லியிருந்தார்.

கார் மாமரங்களுக்கு நடுவே வந்து போர்ட்டிகோவில் நின்றது. நான் எப்போதும் விருந்தாளிகளுக்கு நிற்கும் படியில் நின்றிருந்தேன். டிரைவர் கதவைத் திறந்தார். மகள் இறங்கினாள், பின்னாலேயே மாப்பிள்ளை. என் இரண்டு கைகளும் தாமாகக் கூப்பிக்கொண்டன. உடம்பு கொஞ்சம் குனிந்தது. இத்தனை வருஷப் பழக்கம்.

மகள் ஒரு படி கீழே நின்றுவிட்டாள். என் கைகளைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"ரூம் காலியா கீதா, மேனேஜர்?"

மாப்பிள்ளையும் சிரித்தார். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். இடுப்புச் சாவிக்கொத்தில் கை வைத்தபடி நின்றேன்.

பம்பாய் மெயிலைப் பிடிக்க ஆம்பூரில் ரயில் ஏறி அரக்கோணம் போக வேண்டும். அவர்கள் புறப்பட்ட நாளில் பங்களாவில் வேறொரு கல்யாணம். ஐந்தாறு தேக்சாக்கள் ஏறியிருந்தன, மாமரத்தடிப் பந்திக்கு இலை போட்டாகிவிட்டது. என்னால் ஸ்டேஷனுக்குப் போக முடியவில்லை. போர்ட்டிகோவில் நின்றே அனுப்பினேன். போகிற விருந்தாளிகளிடம் சொல்வதைத்தான் அவளிடமும் சொன்னேன். "மறுபடி வாங்க" என்று மரியாதையாக வாயில் வந்துவிட்டது. அவள் திருத்தவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பந்தி முடிந்தது. வழக்கம்போல ஒரு தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்து உட்கார்ந்தேன். பின் சந்தில் ஹாரன் கேட்டது. தட்டை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். காலிக் கார் கிணற்றுப் பக்கம் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, என்னையும் நான் நின்ற இடத்தையும் பார்த்தார்.

"வண்டி நேரத்துக்கு வந்துடுச்சி, ஸாப். நல்ல சீட்டு" என்றார். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

உள்ளே தட்டில் இரண்டு பேருக்குப் போதுமானது இருந்தது. அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.