கை நீட்டி நிற்பது முனீஸ்வரன் இல்லை, ஜெசிந்தா

இன்று மாசிலாமணி அண்ணனைச் சந்தித்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்தே தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டேரிப்பட்டு தாண்டித் திண்டிவனம் போகிறவர்கள் அந்த இரும்பு உருவத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பஸ் நிறுத்தத்தை ஒட்டி, ஆள் உயரம். முதுகு லாரி ஸ்பிரிங் பட்டை. கால்கள் சைலன்சர் குழாய், ஒரு கால் முன்னால். முகம் கிடையாது, அந்த இடத்தில் ஒரு கிளட்ச் பிளேட். ஒரு கை மட்டும் தோளுக்கு மேல் நீண்டிருக்கும். அந்தக் கைக்கு மட்டும் விரல், நகம் எல்லாம் உண்டு.

ஆறு மாதமாக அதைப் படம் எடுத்துப் போட்டு, உழைப்பவனின் கோபம் என்றெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். அதைச் செய்தவர் பக்கத்து வெல்டிங் பட்டறையிலேயே இருக்கிறார் என்று இன்றுதான் தெரிந்தது. என் விளக்கத்தைக் கேட்டு மாசிலாமணி அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"கோவம்லாம் இல்ல தம்பி. பஸ்ஸ நிறுத்திக்கினு இருக்குது. என் சம்சாரம் அது."

ஜெசிந்தா அக்கா திண்டிவனத்தில் ஓர் அரிசி ஆலையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனவர். காலை ஏழே கால் பஸ் பாதி நாள் நிற்காமல் போய்விடுமாம். அதனால் ரோட்டில் ஓரடி இறங்கிக் கை நீட்டுவார். நான்கு வருடம் முன்பு அப்படி இறங்கியபோது பஸ்ஸை முந்தி வந்த லாரி அடித்துவிட்டது. அண்ணன் பட்டறை வாசலில் நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம், கழித்துப்போட்ட இரும்பில் ஒவ்வொன்றாகச் சேர்த்து இதைச் செய்து, அக்கா வழக்கமாக நிற்கும் இடத்தில் நட்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பட்டறை விளம்பரம் என்றே ஊர் நினைத்தது. முகம் ஏன் இல்லை என்று கேட்டேன். மூன்று தடவை செய்தும் அக்கா சாயல் வரவில்லையாம். கை மட்டும் வந்ததாம்.

போன ஆடியில் ஒரு லாரிக்காரர் அதன் காலடியில் எலுமிச்சை வைத்தார். பிறகு மஞ்சள் துணி, பிறகு கற்பூரம். ரோட்டோரம் கை ஓங்கி நிற்கிறது, முனீஸ்வரன்தான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அண்ணன் துணியை அவிழ்ப்பார். மறுநாள் புதுத்துணி கட்டியிருக்கும்.

முந்தாநாள் கோயில் கமிட்டி நடராசன் ஒரு புது அரிவாளோடு பட்டறைக்கு வந்திருக்கிறார். அந்தக் கையில் அதை வெல்டு வைக்க வேண்டுமாம். அப்போதுதான் அண்ணன் முதல் தடவையாக உண்மையைச் சொன்னார். நடராசன் சிரித்தாராம்.

"செஞ்சது நீதாம்பா, யாரு இல்லன்னா? அதுல வந்து குந்திக்கினது சாமியாச்சே. வெள்ளிக்கிழம கூண்டு போட்டு பூச. ஜல்தியா வெச்சிடு. அப்பால நீ உள்ள வந்து வெக்க முடியாது பாரு."

மிரட்டவில்லை, நேரமில்லை என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாராம். எனக்கு அதுதான் தாங்கவில்லை. மாசிலாமணி அண்ணன் காலனிக்காரர், அந்த ஊர்க் கோயிலுக்குள் ஒரு நாளும் போனதில்லை. தினமும் பட்டறை திறக்கும் முன் அந்த விரல்களை எண்ணெய்த் துணியால் துடைக்கிறவர், வெள்ளிக்கிழமையிலிருந்து கூண்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அவர் மறுத்தால் வேறு வெல்டர் வருவார். கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாமே என்றேன். சாமியைத் திருடினான் என்பார்கள், காலனி முழுக்கப் பிரச்சினையாகும் என்றார்.

கிளம்பும்போது ஒன்றுதான் கேட்டார். "நீ எழுதுற புள்ளதான? அது பொம்பளன்னு எழுது தம்பி. பேரையும் போடு."

போட்டுவிட்டேன். வியாழன் மாலை ஐந்து மணிக்கு நடராசன் பதில் கேட்க வருகிறார். இதைப் பகிருங்கள். அந்தப் பக்கம் இருப்பவர்கள் நாலு பேராவது பட்டறைக்குப் போய் அண்ணன் பக்கத்தில் நில்லுங்கள், நானும் வருகிறேன். சண்டை போட வேண்டாம். ஜெசிந்தா அக்கா யார் என்று அவர் சொல்லும்போது, சிரிக்காமல் கேட்க ஆள் வேண்டும்.