வேலியோரம் ஒரு வாய்க்கால்

கழிவுநீர்த் தொட்டி விற்பவர் பேசி முடிப்பதற்குள் அந்த அம்மாள் குனிந்து மாதிரித் தொட்டியின் மூடியில் காதை வைத்துவிட்டார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்துப் பழகிய காது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பின்பக்கம் போய்த் தண்ணீர் வெளியேறும் வழியைப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்காருவார்.

"சத்தமே வராதும்மா. உள்ள தண்ணி ஓடுறதே தெரியாது."

"அதாங்க எனக்குப் பிடிக்கலை."

மோட்டார் வைத்த தொட்டிதான் நல்லது, மூடினால் மூடினதுதான் என்பது கணவரின் கட்சி. நாணல் நட்ட சரளைப் பாத்தியில் கழிவுநீர் வடிந்து தெளியவேண்டும், தெளிந்தது கண்ணுக்குத் தெரிய ஓடவேண்டும் என்பது இவருடையது. புது வீட்டுச் சுவர் எழும்பியும் இந்த வழக்கு தீரவில்லை.

இத்தனை காலம் இருந்தது ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில். எல்லா வீட்டுத் தண்ணீரும் ஒரே திறந்த வாய்க்காலில் இவர் வாசலைக் கடந்துதான் போகும். பாத்திரம் தேய்த்தபடியே அதைப் படித்துவிடுவார். நீலம் கலந்து வந்தால் நர்ஸ் வீட்டில் சீருடை துவைக்கிறார்கள். மண் கரைந்து வந்தால் லாரிக்காரர் ஊர் திரும்பிவிட்டார். மருந்து வாடை அடித்தால் யாருக்கோ காய்ச்சல். கொசுவும் நாற்றமும் இருந்ததை அவர் மறைப்பதில்லை. மூக்கை நுழைக்கிறவர் என்று வாங்கிய பெயரையும்தான்.

விடிந்ததும் முதலில் வருவது தனிக்கட்டையான தையல்காரர் குளித்த தண்ணீர். ஒரு நாள் அது வரவில்லை. போட்டது போட்டபடி ஓடிப்போய், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கதவை உடைக்கச் செய்தார். மனிதர் குளியலறையில் வழுக்கி விழுந்து, கூப்பிடக் குரலின்றிக் கிடந்தார்.

மனையில் பிளம்பர் கழிவுநீர் போகும் வழிக்கு முளை அடித்துக் கயிறு கட்டி, முடிவைக் கேட்டு நின்றார். வேலிக்கு அப்பால், இன்னும் பேசிப் பழகாத பக்கத்து வீட்டுப் பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"பாத்திதான். தெளிஞ்ச தண்ணி இந்த வேலியோரமா போகட்டும்."

"ஊர்ல எல்லாரும் கழிவை ஒளிச்சு வைக்கிறான். நீ என்னடான்னா காட்சிக்கு வைக்கிற" என்றார் கணவர்.

"அந்தப் பொண்ணு கண்ணுல தினம் படட்டுங்க. நாம ரெண்டே பேரு. ஒரு நாள் தண்ணி வரலைன்னா, ஏன் வரலைன்னு கேக்க ஒரு ஆள் வேணாமா?"

பதிலுக்குக் காத்திராமல் முளையைப் பிடுங்கி வேலிப்பக்கம் நகர்ந்தார். கயிறு பாதியில் நின்றது. கணவரின் செருப்புக்கடியில் மாட்டியிருந்தது. அவர் சற்று நேரம் அந்தப் பெண் இருந்த பக்கம் பார்த்தார். பிறகு காலைத் தூக்கினார்.